நீலத் தட்டில் மதுரைக் கோட்டை

பழைய ஆங்கிலேய உணவுத் தட்டுகளைச் சேகரிப்போர், தட்டொன்று கைக்கு வந்ததும் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பர். அடியிலுள்ள முத்திரை, செய்த ஆலையையும் ஏறத்தாழ அதன் காலத்தையும் சொல்லிவிடும். அதன்படி விலை அமையும். முன்புறத்துப் படம் எந்த ஊருடையது என்ற கேள்வி பெரும்பாலும் அதன் பின்னரே எழுகிறது. நமக்கு அந்தக் கேள்வியே முதன்மையானது.

இவற்றை நாம் பொதுவாகப் பீங்கான் என்கிறோம். உண்மையில் பெரும்பாலானவை வெண்களிமண் கலங்கள். 1784இல் ஸ்டோக் நகரத்துக் குயவர் ஜோசையா ஸ்போடு, மெருகுக்கு அடியில் நீலப் படம் பதிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். செப்புத் தகட்டில் செதுக்கிய சித்திரத்தில் கோபால்ட் நீலத்தைத் தேய்த்து, மெல்லிய தாளில் அச்செடுத்து, ஒருமுறை சுட்ட கலத்தின்மேல் அத்தாளை ஒட்டுவர். தாளைக் கழுவி நீக்கியபின் மெருகு பூசி மீண்டும் சுடுவர். தாளை ஒட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதை வெட்டிக் கொடுத்தவர்கள் சிறுமியர். அதே ஆண்டில் தேயிலை வரி பெரிதும் குறைந்தது. 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குவதை நிறுத்தியது. உள்நாட்டு நீலக் கலங்களுக்குச் சந்தை திறந்தது.

சீனக் காட்சிகள் அலுத்தபோது குயவர்கள் பயண நூல்களை நாடினர். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1786 முதல் 1793 வரை இந்தியாவில் சுற்றி வரைந்தனர். 1792இல் தென்னாட்டுக்கும் வந்தனர். 1795க்கும் 1808க்கும் இடையே வெளியான அவர்களது 144 படங்கள் கொண்ட தொகுதியைச் செல்வரே வாங்க முடிந்தது. அத்தொகுதியிலுள்ள ‘மதுரைக் கோட்டைக்குள் ஒரு காட்சி’யை லிவர்பூலின் ஹெர்குலேனியம் ஆலை தட்டுகளில் பதித்தது. மாளிகை நூலகத்துக்குரிய படம் இவ்வாறு நடுத்தர வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு இறங்கியது.

ஸ்போடு ஆலை வேறொரு நூலை எடுத்துக்கொண்டது. வங்காளத்தில் பணியாற்றிய கேப்டன் தாமஸ் வில்லியம்சனின் குறிப்புகளைக் கொண்டு சாமுவேல் ஹோவிட் வரைந்த வேட்டைப் படங்கள் 1807இல் நூலாயின. அவற்றைக் கொண்டு அமைந்த கலத்தொகுதியில் ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு காட்சி. உணவுத் தட்டுக்குக் கிடைத்தது ‘கரடியின் சாவு’. காட்சியின் பெயர் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். வேட்டை நாய்களை நடத்திச் செல்லும் இந்தியப் பணியாளர்களும் ஒரு காட்சியில் உண்டு. இந்தியாவைக் காணாத குடும்பங்கள் அன்றாடம் உண்ணும்போது கண்ட இந்தியா இதுதான்: வேட்டைக்காரன் ஆங்கிலேயன், ஏவல் செய்பவன் இந்தியன். ஆட்சியைப் பற்றிய எண்ணங்கள் அரசாணைகளில் மட்டும் உருவாகவில்லை.

ஆயினும் இத்தட்டுகளைக் கட்டடக்கலைச் சான்றாக நேரடியாகக் கொள்ளக்கூடாது. செதுக்குபவர்கள் தட்டின் வடிவத்துக்கேற்பப் படத்தைக் குறுக்கினர், மரங்களைச் சேர்த்தனர், சில வேளை இரு படங்களை இணைத்து ஒரே காட்சியாக்கினர். மூலப் படத்தோடு ஒப்பிடாமல் முடிவு சொல்வது பிழையாகும்.

1842ஆம் ஆண்டுச் சட்டம் பிறர் படங்களை நகலெடுப்பதைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் பெயரற்ற ஏரிகளும் கற்பனைக் கோபுரங்களும் தட்டுகளை நிரப்பின. ஆகவே உண்மை ஊர் ஒன்றின் காட்சி இருந்தால், அக்கலம் 1842க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. ‘இங்கிலாந்து’ என்ற சொல் மட்டும் அச்சிடப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் 1891ஆம் ஆண்டு அமெரிக்க இறக்குமதி விதிக்குப் பிற்பட்டது.

மதுரைக் கோட்டை பின்னர் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு, அகழியும் தூர்க்கப்பட்டது. மாரட் வீதிகளும் வெளி வீதிகளும் அதன் தடத்தில் எழுந்தவை. இன்று அக்கோட்டையின் பெயர் தாங்கிய தட்டுகள் சேகரிப்பாளர்களின் அலமாரிகளில் இருக்கின்றன. ஏலக் குறிப்பில் ‘கீழைத்தேயக் காட்சி’ என்று மட்டும் கண்டால் அங்கே நிறுத்திவிடாதீர்கள். டேனியல் படங்களோடு ஒப்பிட்டு ஊர்ப்பெயரைக் கண்டறிந்து எழுதுங்கள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இத்தகைய நீலத் தட்டு இருந்தால், இருபுறத்தையும் படமெடுத்து இங்கே பகிருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.