ரவுட்டரில் ஒரு வாசல்: போர்ட் ஃபார்வர்டிங் வந்த கதை

பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டி உங்க வீட்டு ரவுட்டருக்குள்ளே என்றைக்காவது போயிருக்கீங்களா? வைஃபை பாஸ்வேர்டை மாற்றப் போயிருப்பீங்க. அங்கே ஒரு மூலையில் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்றோ 'விர்ச்சுவல் சர்வர்' என்றோ ஒரு பக்கம் இருக்கும். இப்போது யாரும் அதைத் தொடுவதில்லை. ஆனால் 2000களில் இ-மியூல், டாரண்ட் என்று ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரை ஓடவிட்டவர்களுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். டவுன்லோடு நகரவில்லை என்று யாரிடமாவது சொன்னால் முதலில் வரும் கேள்வி, "போர்ட் திறந்தியா?" என்பதுதான். அந்தக் கேள்வி எப்படி முளைத்தது என்று தெரிந்துகொள்ள, இணையத்தின் விதிமுறைகளை எழுதிவைக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களைக் கொஞ்ச நாளாகப் புரட்டினேன். அதிலிருந்து எடுத்த குறிப்புகள்தான் இவை.

1981 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 791, இன்றும் நாம் பயன்படுத்தும் ஐபி முகவரியை 32 பிட் என்று வரையறுத்தது. அதாவது சுமார் 430 கோடி எண்கள். அந்தக் காலத்தில் யோசித்த முறையில், இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனக்கென ஓர் எண் உண்டு. யாரும் யாரையும் கூப்பிடலாம். சர்வர் என்பது ஒரு வேலையின் பெயர்தான், தனிச் சாதி இல்லை.

1990களின் தொடக்கத்திலேயே இந்த எண்கள் போதாது என்று தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் கெயில்ட் எகவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் ஆர்எஃப்சி 1631-ஐ வெளியிட்டார்கள். அதில் அவர்கள் முன்வைத்ததுதான் நேட் என்னும் முகவரி மாற்றும் முறை. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு வெளியில் செல்லாத எண்களைக் கொடுத்துவிட்டு, வாசலில் வைத்து அவற்றைப் பொது எண்ணாக மாற்றி அனுப்புவது. அந்த ஆவணத்தில் எனக்குப் பிடித்தது அதன் முடிவுரை. இது தற்காலிக ஏற்பாடு, நீண்ட காலத்துக்குச் சரிவராது, குறுகிய காலத்துக்கே சரிவருமா என்பதும் செய்து பார்த்தால்தான் தெரியும் என்று எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அந்தத் தற்காலிக ஏற்பாட்டுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது.

உள் எண்களாக எதை வைத்துக்கொள்வது என்பதிலும் ஒரு சண்டை நடந்தது. 10 என்று தொடங்கும் எண்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஆர்ப்பாநெட்டுக்குச் சொந்தம். 1990-இல் அது மூடப்பட்டதும் அந்த வரிசை சும்மா கிடந்தது. அதையும் 192.168 போன்றவற்றையும் தனியார் உபயோகத்துக்கு ஒதுக்கலாம் என்று 1994 மார்ச்சில் ஓர் ஆவணம் வந்தது. நான்கே மாதத்தில் எலியட் லியர் உள்ளிட்ட நால்வர் அதை எதிர்த்து எழுதினார்கள். ஒரே எண் பல இடங்களில் இருந்தால், முகவரி என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விடும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். 1996 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 1918 வந்து, தனியார் எண்கள் உறுதியாகிவிட்டன. அதை எழுதிய ஐவரில் எலியட் லியரும் ஒருவர்! எதிர்த்தவரே கையெழுத்துப் போட்டார் என்றால் நெருக்கடி எவ்வளவு இருந்திருக்கும் பாருங்க.

நேட் என்ன செய்கிறது என்பதற்குத் திருவல்லிக்கேணி மேன்ஷனை நினைத்துக்கொள்ளலாம். ஐம்பது பேர் தங்கியிருக்கும் இடத்தில் மேனேஜர் மேஜையில் ஒரே ஒரு போன். உள்ளே இருப்பவர் யாரும் வெளியே பேசலாம், பதில் வந்தால் மேனேஜர் அவரிடமே கொடுத்துவிடுவார். ஆனால் வெளியிலிருந்து யாரோ புதிதாகக் கூப்பிட்டு "ஹலோ" என்றால்? யாருக்கு என்று தெரியாது, வைத்துவிடுவார். போர்ட் ஃபார்வர்டிங் என்பது மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது: "அண்ணே, 4662-னு கேட்டு யார் வந்தாலும் பன்னிரண்டாம் நம்பர் ரூமுக்கு அனுப்பிடுங்க." அவ்வளவுதான். (பன்னிரண்டில் இருப்பவர் ரூம் மாறிவிட்டால் எல்லாம் வீண். அதனால்தான் போர்ட்டைத் திறப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்கு மாறாத உள் முகவரி கொடுக்கச் சொல்வார்கள்.)

இணையப் பக்கம் பார்க்கவும் மெயில் படிக்கவும் இந்த மேன்ஷன் ஏற்பாடு போதும், ஏன்னா எப்போதும் நாம்தான் கூப்பிடுகிறோம். தகராறு 1999-இல் நாப்ஸ்டரோடு தொடங்கியது. இப்போது பாட்டு இருப்பது பெரிய சர்வரில் இல்லை, இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டரில். யாராவது ஒருவர் போனை எடுத்தாக வேண்டும். நாப்ஸ்டரும், 2000 மார்ச்சில் வந்த நுடெல்லாவும் ஒரு குறுக்குவழி வைத்திருந்தன: கூப்பிட முடியாத ஆளிடம் தகவல் அனுப்பி, அவரையே திருப்பிக் கூப்பிடச் சொல்வது. இரண்டு பேரும் மேன்ஷனில் இருந்தால் அதுவும் நடக்காது.

இந்தப் பிரிவினையை வெளிப்படையாகப் பெயர் சொல்லி அழைத்தது இ-டாங்கியும், அதே நெட்வொர்க்கில் ஓடிய இ-மியூலும்தான். போர்ட் திறந்தவருக்கு 'ஹை ஐடி', திறக்காதவருக்கு 'லோ ஐடி'. ஹை ஐடி என்பது தனியாகக் கொடுக்கும் பட்டம் இல்லை, உங்கள் ஐபி முகவரியின் நான்கு பகுதிகளையும் ஒரே பெரிய எண்ணாகச் சேர்த்து எழுதினால் வருவது. சர்வர் உங்களைத் திருப்பிக் கூப்பிட்டுப் பார்க்கும். எடுத்தால் அந்த எண். எடுக்காவிட்டால் 1,67,77,216-க்குக் கீழே ஒரு சின்ன எண், அது அந்த சர்வருக்குள் மட்டுமே செல்லும். அதாவது 1981-இல் எல்லோருக்கும் இயல்பாக இருந்த ஒன்று, இருபது வருஷத்தில் சம்பாதிக்க வேண்டிய தகுதியாகிவிட்டது. லோ ஐடிக்காரர் இன்னொரு லோ ஐடிக்காரரிடமிருந்து எதுவும் எடுக்க முடியாது. அரிதான ஒரு ஃபைல் உலகத்தில் ஒருவரிடம்தான் இருக்கிறது, அவரும் போர்ட் திறக்கவில்லை, நீங்களும் திறக்கவில்லை என்றால், அது இருந்தும் இல்லாததுதான். ஃபைலைப் பகிர வந்தவர்கள் டிசிபி, யூடிபி, டிஎச்சிபி எல்லாம் கற்றுக்கொண்டது இந்த வயிற்றெரிச்சலில்தான்.

2001-இல் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டோரண்ட் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை இன்றும் உலவுகிறது: போர்ட் திறக்காவிட்டால் அப்லோடே ஆகாது என்று. இல்லீங்க. நாம் கூப்பிட்டுத் தொடங்கிய இணைப்பிலும் இரண்டு பக்கமும் டேட்டா போகும். நஷ்டம் வேறு இடத்தில். திறந்தவர்களோடு மட்டுமே நம்மால் சேர முடியும். ஆயிரம் பேர் இருக்கும் டாரண்டில் இது தெரியாது. மூன்று பேர் இருக்கும் டாரண்டில் உயிர்ப் பிரச்சினை. முதலில் 6881 முதல் 6889 வரைதான் வழக்கமான போர்ட்கள். இணைய நிறுவனங்கள் பல அவற்றைக் குறிவைத்து வேகத்தைக் குறைத்ததால், வேறு ஏதாவது எண்ணை வைத்துக்கொள்வது வழக்கமானது.

கையால் திறக்கும் தொல்லையைப் போக்க யூபிஎன்பி வந்தது. புரோகிராமே ரவுட்டரிடம் பேசிப் போர்ட்டைத் திறந்துகொள்ளும். ஆனால் கேட்பது யார் என்று ரவுட்டர் விசாரிப்பதில்லை. வைரஸ் கேட்டாலும் திறக்கும். வீட்டுக்குள் மட்டும் இருக்க வேண்டிய இந்தப் பேச்சுக்கு, வெளி இணையத்திலிருந்து கேட்டாலும் பதில் சொல்லும் முகவரிகள் 8 கோடிக்கு மேல் இருப்பதாக 2013 ஜனவரியில் ராபிட்7 நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. யூபிஎன்பியை அணைத்துவிடுங்கள் என்ற அறிவுரைக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இன்னொரு வழி, துளை போடுவது. இரண்டு மேன்ஷன்காரர்களும் பொதுவான ஒருவர் மூலம் பேசிவைத்து, ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது. இரண்டு மேனேஜர்களுமே இது நம்ம ஆள் கூப்பிட்டதற்கு வந்த பதில் என்று நினைத்து உள்ளே விட்டுவிடுவார்கள்! பிரையன் ஃபோர்டு உள்ளிட்டோர் 2005-இல் சோதித்தபோது சுமார் 82 சதவீத நேட் கருவிகளில் யூடிபிக்கு இந்தத் தந்திரம் பலித்தது, டிசிபிக்கு 64 சதவீதம். இன்று வீடியோ கால்கள் நேரடியாக இணைவதற்கு இதன் வாரிசுகள்தான் உதவுகின்றன.

2011 பிப்ரவரியில் உலகளாவிய கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதியின் கையிருப்பும் வற்றியது. அதன் பிறகு இணைய நிறுவனங்கள் தங்கள் பக்கத்திலும் ஒரு நேட் வைத்தன. மேன்ஷனுக்கு மேல் ஒரு மேன்ஷன். அதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரை ஒரு வரிசை ஒதுக்கப்பட்டது. உங்கள் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்ற இடத்தைப் பாருங்க. அந்த வரிசையிலோ 10 என்றோ தொடங்கினால், நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. வீட்டு மேனேஜரிடம் சொல்லியாச்சு, ஆனால் தெருமுனையில் இருக்கும் மேனேஜரின் மேஜைக்கு நமக்கு வழி இல்லை. பழைய லோ ஐடிக்காரராவது ராத்திரி உட்கார்ந்து ஹை ஐடி ஆகலாம். இப்போது பொது முகவரி வேண்டும் என்றால் தனியாகக் காசு கட்ட வேண்டும், அதுவும் கொடுக்கும் நிறுவனமாக இருந்தால்.

ஐபிவி6 வந்தால் எல்லாம் தீரும் என்று சொல்லப்பட்டது. 128 பிட், எண்ணுக்குப் பஞ்சமே இல்லை, நேட் தேவையில்லை. இந்தியா இதில் முன்னணியில் இருக்கும் நாடுகளில் ஒன்று, என் வீட்டிலும் வந்துவிட்டது. லேப்டாப்புக்குச் சொந்தமாக ஒரு பொது முகவரி. ஆசையாக வெளியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. ரவுட்டருக்குள்ளே போய்த் தேடினால் 'ஐபிவி6 ஃபயர்வால்' என்று ஒரு பக்கம். எந்த முகவரி, எந்த போர்ட், டிசிபியா யூடிபியா என்று அதே மூன்று கட்டங்கள்.