திருகோணமலையின் தாலாட்டு

நாவை அசைத்து எழுப்பும் இனிய ஒலியால் குழந்தையை உறங்கச் செய்யும் பாட்டு தாலாட்டு எனப்படும்; இவ்வாய்மொழி மரபு ஏட்டிலக்கியத்திலும் இடம்பெற்றதற்குப் பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டிப் பாடிய பதிகம் பழஞ்சான்றாக நிற்க, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதலிய நூல்களில் அது 'தாலப்பருவம்' என்னும் தனி உறுப்பாகவே வளர்ந்தது.

திருகோணமலையில் போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்ததும், ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் துறைமுகத்துக்காகப் போரிட்டதும், 1957இல் பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கைவசமானதும் ஆவணங்களில் பதிவாயின. அங்குள்ள வீட்டுப் பெண்களின் தாலாட்டோ பெரும்பாலும் செவிவழியாகவே நிலைத்தது.

கூரை வளையில் பழஞ்சேலையைத் தொங்கவிட்டு அமைக்கும் துணித்தொட்டில் ஈழத்தமிழரிடையே ஏணை எனப்படும். அதன் ஆட்டத்துக்கு இசைய 'ஆராரோ' என நெட்டுயிர்கள் நீண்டு மீள்வதால், ஒலியும் அசைவும் ஒரே சீரில் இயைந்து குழந்தையை அமைதிப்படுத்துகின்றன. தாய்மாமன் கொண்டுவரும் சீரும் குலப்பெருமையும் பொருளாவதால், குழந்தைக்குப் புரியாத அச்சொற்கள் சூழவிருக்கும் உறவினருக்கும் உரியவையாகின்றன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் திருகோணமலை மாவட்டத்தில், சிங்களத்தின் 'தரு நெலவிலி' பாடல்களும் இதே பணியை ஆற்றுவதால், துறைமுகத்தின் அரசியல் வரலாற்றோடு இவ்வாய்மொழி வரலாறும் சேர்த்து ஆராயத்தக்கது.