யூ-9 (ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்)

யூ-9, முதல் உலகப் போரின் தொடக்க மாதங்களில் நான்கு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கி. டான்சிக் நகரின் (இன்றைய போலந்தின் கிதான்ஸ்க்) அரசுக் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1910இல் கடற்படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 57 மீட்டர். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு டார்பிடோ குழாய்கள். மொத்தம் ஆறு டார்பிடோக்கள்.

நீருக்கு மேலே ஓட மண்ணெண்ணெய் எஞ்சினும், மூழ்கியபின் மின்மோட்டாரும் இதற்கு உதவின. மண்ணெண்ணெய் எஞ்சின் கக்கிய புகை தொலைவிலிருந்தே படகைக் காட்டிக்கொடுக்கும். 1914 ஆகஸ்டில் நீர்மூழ்கிகள் மேற்கொண்ட முதல் போர்ப்பயணத்தின்போது எஞ்சின் பழுதாகி யூ-9 பாதியிலேயே திரும்ப நேர்ந்தது. ஆனால் போருக்குச் சில வாரங்கள் முன்பு, கடலுக்கடியில் இருந்தபடியே குழாய்களில் புது டார்பிடோக்களை ஏற்றிக் காட்டியிருந்தது. அதற்குமுன் எந்த நீர்மூழ்கியும் செய்யாதது அது. செப்டம்பரில் அந்தப் பயிற்சிதான் கைகொடுத்தது.

1914 செப்டம்பர் 22 காலை, கேப்டன் ஓட்டோ வெட்டிகன் நெதர்லாந்துக் கரைக்கு அப்பால் அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பழைய பிரிட்டிஷ் குரூஸர்களைக் கண்டார். கடல் கொந்தளிப்பால் காவல் டெஸ்ட்ராயர்கள் முன்பே விலகியிருந்தன. முதல் டார்பிடோ அபூகிரைத் தாக்கியது. கண்ணிவெடி என்று எண்ணிய அதன் கேப்டன், மற்ற இரு கப்பல்களையும் உதவிக்கு அழைத்தார். ஹோக் நின்று படகுகளை இறக்கியது. வெட்டிகன் அதன்மேல் இரண்டு டார்பிடோக்களை ஏவினார். பாரம் குறைந்த யூ-9இன் முகப்பு சட்டென நீருக்கு மேலே எழுந்தது. ஹோக்கின் பீரங்கிகள் அதை நோக்கிச் சுட்டன. படகு மறுபடி மூழ்கித் தப்பியது, ஹோக் பத்து நிமிடத்தில் கவிழ்ந்தது. பேட்டரி தீரும் நிலையிலும் வெட்டிகன் விலகவில்லை. எஞ்சிய மூன்று டார்பிடோக்களும் கிரெஸ்ஸிக்குச் சென்றன; கடைசியாக ஏவியது, நீருக்கடியில் மீண்டும் நிரப்பிய குழாயிலிருந்து.

ஒன்றரை மணி நேரத்தில் 1,459 பேர் மாண்டனர். பலர் குடும்பத்தை விட்டு வந்த ரிசர்வ் வீரர்கள். கடற்படைப் பள்ளியிலிருந்து நேரே அனுப்பப்பட்ட பதின்பருவச் சிறுவர்களும் இருந்தனர். 837 பேரை டச்சுக் கப்பல்களும் ஆங்கில மீன்பிடிப் படகுகளும் பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர்களும் மீட்டன. வெட்டிகனின் திறமையை மறுக்க முடியாது. ஆயினும் இந்த அழிவில் பெரும்பங்கு பிரிட்டிஷ் கடற்படைத் தலைமைக்கே உரியது. இக்கப்பல்களை ‘தூண்டில் இரை’ என்று சக மாலுமிகளே அழைத்துவந்தனர். எச்சரிக்கை வந்தபின்னும் அவை அங்கேயே மெதுவாகச் சுற்ற விடப்பட்டன. நீர்மூழ்கி ஆபத்துள்ள இடத்தில் பெரிய கப்பல்கள் மீட்புக்காக நிற்கக் கூடாது என்ற ஆணை இதன் பிறகே வந்தது.

அக்டோபர் 15இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனுக்கு அப்பால் ஹாக் என்ற குரூஸரையும் யூ-9 மூழ்கடித்தது. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். வெட்டிகனுக்கு ஜெர்மனியின் உயரிய போர் விருது கிடைத்தது. இரும்புச் சிலுவைச் சின்னத்தைத் தாங்கும் பெருமை கப்பல்களில் இரண்டுக்கே வழங்கப்பட்டது: ஒன்று யூ-9, மற்றொன்று எம்டன். யூ-9 மூன்று குரூஸர்களை மூழ்கடித்த அதே செப்டம்பர் 22 இரவில்தான் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகள்மீது குண்டு பொழிந்தது.

பின்னர் யூ-29 நீர்மூழ்கிக்கு மாறிய வெட்டிகன், 1915 மார்ச்சில் அதனோடு மாண்டார். டிரெட்நாட் என்ற போர்க்கப்பல் அதை மோதி மூழ்கடித்தது. யூ-9இன் தலைமை, அவரிடம் துணை அதிகாரியாக இருந்த யோகன்னஸ் ஸ்பீஸுக்கு வந்தது. அதன்பின் பெரும்பாலும் மீன்பிடிப் படகுகளும் சிறு கப்பல்களுமே இதற்கு இரையாயின. பால்டிக் கடலிலும் பணியாற்றிய யூ-9, 1916இல் பயிற்சிப் படகானது. 1918 நவம்பரில் பிரிட்டனிடம் ஒப்படைக்கப்பட்டு, 1919இல் இங்கிலாந்தின் மோர்கம் நகரில் உடைக்கப்பட்டது.