என்விடிஏ தனியமைப்புகள்

என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில், ஒவ்வொரு செயலிக்கும் வெவ்வேறு அமைப்புகளைச் சேமித்து வைக்கும் வசதி. என்விடிஏ விசை, கன்ட்ரோல், பி ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் இதற்கான உரையாடல் பெட்டி திறக்கும். ஒரு தனியமைப்பைக் குறிப்பிட்ட செயலியுடன் இணைத்துவிட்டால், அந்தச் செயலிக்கு மாறியதும் அது தானாக நடைமுறைக்கு வரும், வெளியேறியதும் விலகிவிடும்.

பேச்சு வேகம், குரல், நிறுத்தற்குறிகளை வாசிக்கும் அளவு போன்றவற்றை இவ்வாறு மாற்றலாம். நிரல் எழுதும் செயலியில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி உட்பட எல்லாக் குறிகளும் ஒலிக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் நிரல் ஓடாமல் போகலாம். கதை படிக்கையில் அதே ஒலிப்பு வாசிப்பைக் கெடுக்கும்.

தனியமைப்பில் மாற்றப்பட்டவை மட்டுமே பதிவாகின்றன. மற்றவை இயல்பான அமைவடிவத்திலிருந்து பெறப்படுவதால், அங்கே செய்யும் திருத்தம், அதே அமைப்பைத் தனியமைப்பில் மாற்றியிராத எல்லாச் செயலிகளிலும் எதிரொலிக்கும்.