மூல ஓலையும் படியோலையும்

சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் மனம் பக்தியில் நிற்காமல் வழக்கில் போய் நிற்கும். அங்கே பேசப்படுவது ஆளோலை, நிலத்துக்கானதன்று. ஆயினும் விசாரணை முறையைப் பாருங்கள். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு திருவெண்ணெய்நல்லூர் அவையோர் கேட்கின்றனர். சுந்தரர் கிழித்தது படியோலைதான், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்கிறார் முதியவர். பாட்டனாரின் கையெழுத்தை, காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிட்ட பிறகே தீர்ப்பு. 12 ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் தம் காலத்து நடைமுறையையே எழுதியிருக்க வேண்டும்.

சோழர் கல்வெட்டுகளும் அப்படித்தான் நினைக்க வைக்கின்றன. நிலம் விற்றால் விலையாவணம். அதுவே 'பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை'யும் ஆகும் என்று எழுதிவிடுவார்கள். பணம் முழுதும் பெற்றாயிற்று, வேறு பற்றோலை காட்ட வேண்டியதில்லை என்பது கருத்து. கீழெல்லை தொடங்கி நான்கெல்லையும் சொல்லி, அதற்குள் 'உண்ணிலம் ஒழிவின்றி', மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட என்று முடிப்பார்கள். இன்றைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் 'மாவடை மரவடை' என்று வருவது இதன் பேரப்பிள்ளை போலத் தோன்றுகிறது.

1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயத்தைக் கட்டாயம் பதியச் சொன்னது. தானத்துக்கு அந்த வரம்பும் கிடையாது. உயிலைப் பதிவது எழுதியவர் விருப்பம். பதிந்தால் 3 ஆம் புத்தகம். கிரயம், பாகப்பிரிவினை, அடமானம், விடுதலை எல்லாம் 1 ஆம் புத்தகம். நெடுங்காலம் அதில் கைப்படவே நகல் எடுத்தார்கள். மூலம் உடையவனிடம், படி அரசிடம்.

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு விடுதலைப் பத்திரம் இருக்கிறது. தாத்தா இறந்தபின், 1974 இல், அத்தை என் தந்தைக்கு எழுதிக்கொடுத்தது. சீர்வரிசை பெற்றுக்கொண்டமையால் இனித் தமக்கு யாதொரு பாத்தியதையும் இல்லையென மனப்பூர்வமாகச் சம்மதித்ததாக வாசகம். தமிழகத்தின் 1989 ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்கு முன்பே மணமான மகள்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2005 ஆம் ஆண்டு மத்தியத் திருத்தமோ 2004 டிசம்பர் 20 க்கு முன் நடந்த கைமாற்றங்களைத் தொடவில்லை. ஆக, ஆவணம் செல்லும்.

அயலார் காட்சி? சாட்சிக் கையெழுத்திட்ட இருவரும் என் தந்தையின் நண்பர்கள்.

அண்மையில் அத்தையிடம் அதைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுதானா அது? அண்ணன் காட்டின எடத்துல போட்டேன்பா" என்றார்.