விசிறியில்லாமல் வந்த கார்ட்டுகள்: கிராபிக்ஸ் கார்டின் சூட்டுக் கதை

போன கிழமை ஒரு வாப்பா, மகனுக்கென்று வாங்கிய பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைக் கையோடு கொண்டு வந்தார். "பதினெட்டு நாள்தான் சேர் வேலை செய்தது" என்றார். கழற்றிப் பார்த்தோம். பிளாஸ்டிக் சொக்கட்டின் ஓரம் உருகிச் சுருங்கியிருந்தது, ஸ்டிக்கர் பழுப்பு நிறமாகியிருந்தது. யாரோ அதை அவனில் வைத்துச் சுட்டுத்தான் விற்றிருக்கிறார்கள். சுட்டால் ஏன் கொஞ்ச நாள் ஓடுகிறது என்று அவருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கி 1996 வரைக்கும் போய்விட்டோம். அதையே இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996இல் அமெரிக்காவின் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கிராபிக்ஸ் வந்தது. வேகம் 50 மெகாஹேர்ட்ஸ், நினைவகம் 4 மெகாபைட். பலகையில் இரண்டு பெரிய சிப்புகள். அவற்றின் மேல் விசிறியும் இல்லை, அலுமினியத் துண்டும் இல்லை. வெறும் சிப்தான், சுற்றியிருந்த காற்றே போதுமாக இருந்தது. 1998இல் வந்த வூடூ 2 இலே வேகம் 90 ஆனது, சிப் மூன்றானது, அப்போதும் விசிறி இல்லை. ஆனால் வேலை செய்யும்போது சிப்பில் விரல் வைத்தவர்கள் கையை உடனே எடுத்துக்கொண்டார்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது? சிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் மாறும்போதெல்லாம் ஒரு துளி மின்னூட்டத்தை நிரப்பிக் கொட்டுகிறது. அப்படிக் கொட்டுவதெல்லாம் வெப்பமாகிறது. எத்தனை டிரான்சிஸ்டர், செக்கனுக்கு எத்தனை தடவை மாறுகிறது என்ற இரண்டும் கூடக்கூடச் சூடும் கூடும். மின்னழுத்தம் இன்னும் மோசம். அது இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. சிப்பைச் சிறிதாக்கினால் மின்னழுத்தத்தைக் குறைக்கலாம், சூடு குறையும். ஆனால் அப்படி மிச்சம் பிடித்ததையெல்லாம் கம்பனிகள் வேகத்துக்கே செலவழித்தன. சம்பளம் கூடியதும் லீசிங்கில் வாகனம் எடுக்கிற நம் பழக்கம் மாதிரித்தான் அதுவும்.

1999இல் வந்த வூடூ 3, 3000 மொடல் 166 மெகாஹேர்ட்ஸ். அதற்கு மேல் ஓர் அலுமினிய ஹீட் சிங்க்கை ஒட்டி அனுப்பினார்கள், விசிறி இல்லை. வாங்கியவர்கள் தாங்களாகவே பழைய புரொசசர் விசிறிகளைக் கட்டிக்கொண்டார்கள். அதே வருடம் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 விசிறியோடு வந்தது. அடுத்த வருடம் த்ரீடிஎஃப்எக்ஸின் வூடூ 5 5500. இரண்டு சிப், இரண்டு விசிறி, தாய்ப்பலகைத் துளையிலிருந்து வரும் மின்சாரம் போதாமல் ஹார்ட் டிஸ்குக்குப் போகும் வயரையும் சொருக வேண்டியிருந்தது. நான்கு சிப் வைத்த 6000க்குச் சுவரில் செருகும் தனிப் பவர் பெட்டியே தேவைப்பட்டது. அது கடைக்கு வரவேயில்லை. 2000 டிசம்பரில் அந்நிறுவனம் தன் தொழினுட்பச் சொத்துகளை என்விடியாவுக்கே விற்க ஒப்புக்கொண்டது. சூடு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம். தாமதமும் கடனும் இருந்தன.

எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி 2003. அதற்கு முந்திய ஓகஸ்ட்டில் ஏரிஐ நிறுவனம் ரேடியோன் 9700 புரோவை வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ 11 கோடி டிரான்சிஸ்டர், வேகம் வெறும் 325 மெகாஹேர்ட்ஸ். ஆனால் நினைவகத்துக்கான பாதை 256 பிட் அகலம். என்விடியாவின் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவில் பாதை 128 பிட்தான். வீதி ஒடுங்கலாக இருந்தால் வாகனம் வேகமாக ஓட வேண்டும். அதனால் சிப்பையும் நினைவகத்தையும் 500 மெகாஹேர்ட்ஸுக்குத் தள்ளினார்கள். 12.5 கோடி டிரான்சிஸ்டர் அந்த வேகத்தில் ஓடினால் என்னாகும்? பக்கத்துத் துளையையும் அடைத்துக்கொள்ளும் பெரிய பெட்டி ஒன்று வந்தது. வெளிக்காற்றைப் பின்பக்கத்தால் இழுத்து, சூட்டை அதே பக்கத்தால் வெளியே தள்ளும் பெட்டி. யோசனை நல்லதுதான். சத்தம்தான் தாங்க முடியவில்லை. தூசி உறிஞ்சும் மெஷின் என்று உலகமே சிரித்தது. கடைசியில் என்விடியாக்காரர்களே இலை ஊதும் மெஷினில் அந்தக் கார்டைப் பொருத்தியதுபோல ஒரு கேலி வீடியோ எடுத்தார்கள். சில மாதங்களில் 5900 வந்து அதன் இடத்தைப் பிடித்தது. அதில் பாதை 256 பிட். விசிறியைப் பெருப்பிப்பதற்கு முதல் வீதியை அகலப்படுத்தியிருக்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இனி அந்த வாப்பாவின் கார்ட். சிப் சிலிக்கன், அதைத் தாங்கும் பலகை வேறு பொருள். சூடேறும்போது பலகை சிலிக்கனைவிடப் பல மடங்கு விரியும். நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவை கண்ணுக்குத் தெரியாத ஈயக் குமிழ்கள். போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் அவை இழுபடும். ஒருநாள் வெடிப்பு விழும். 2008 ஜூலையில் என்விடியா, மடிக்கணினிச் சிப்புகள் சிலவற்றில் இந்த இடத்திலிருந்த பலவீனமான பொருளுக்காக 15 முதல் 20 கோடி டொலர் ஒதுக்குவதாக அறிவித்தது. அதற்கு முந்திய வருடம் மைக்ரோசொஃப்ட், எக்ஸ்பொக்ஸ் 360 பழுதுகளுக்காக 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியிருந்தது.

அவனில் வைத்தால் வெடித்த குமிழ்கள் விரிந்து மறுபடி தொட்டுக்கொள்ளும். தொடுவதுதான், ஒட்டுவதில்லை. சில நாளில் பழையபடி. திருத்தியதாகச் சொல்லிக் காசு வாங்குவது அந்தச் சில நாளை விற்பதுதான். வீட்டில் கேக் சுடும் அவனில் தயவுசெய்து இதைச் செய்து பார்க்காதீர்கள், ஈயமும் பிளாஸ்டிக் புகையும் அதில் தங்கும்.

இன்னொன்று. ஹீட் சிங்க் சிப்பைத் தனியாகக் குளிராக்குவதில்லை, சூட்டைச் சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுக்கிறது. 22 பாகை அறையில் 70இல் நிற்கும் சிப், நமது 32 பாகை அறையில் ஏறத்தாழ 80இல் நிற்கும். கொண்டென்சர்களுக்கு 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதி என்பது மின்னணுத் துறையில் பொதுவான கணக்கு. கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் இதைப் பரீட்சைக்குத்தான் மனப்பாடம் செய்தோம். இப்போது லேபில் கண்ணால் பார்க்கிறோம். தூசி அடைத்த விசிறி, காய்ந்து சுண்ணாம்பு போலான பேஸ்ட், வீங்கிய கொண்டென்சர்.

பழைய கார்ட் வாங்குபவர்கள் கடையிலேயே அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். ஹீட் சிங்க் ஆணிகளில் கீறல், உருகிய பிளாஸ்டிக், புதிதாய்க் கழுவிய பலகை இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வாப்பாவோடு நாங்களும் கடைக்குப் போனோம். பாதிக் காசு திரும்பக் கிடைத்தது.

லேபில் இன்னும் ஆறு மெஷின் திறக்கப்படாமல் இருக்கிறது. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பழைய மாணவர்கள் சிலர் வருகிறார்கள். வீட்டில் பாவிக்காத சிறிய பெயின்ட் பிரஷ் இருப்பவர்கள் கொண்டுவந்து தாருங்கள்.