ஐந்தொகையில் யார் கையொப்பம்?

பி.காம். பட்டதாரி என்று ஒருவரை அறிமுகப்படுத்தினால் இன்று யாரும் வியப்பதில்லை. பம்பாய், தில்லி, கல்கத்தா என்று வடக்கே குடியேறிய நம்மவர் குடும்பங்களில் அத்தகையோர் பலரைக் காணலாம். ஆனால் 1913ஆம் ஆண்டுக்கு முன்பு, வணிகத்துக்கென்றே ஒரு கல்லூரி இந்நாட்டில் இருக்கவில்லை. வணிகம் கடையிலே கற்க வேண்டியது, அதற்குக் கல்லூரி எதற்கு என்று கேட்டவர்களைக் குறை கூறவும் முடியாது.

ஏனெனில் கடையிலே நடந்த கல்வி அற்பமானதன்று. செட்டிநாட்டுச் சிறுவன் ஒருவன் பெட்டியடிப் பையனாகச் சேருவான். சிட்டை எழுதப் பழகுவான். பின்பு பேரேட்டில் பற்று வரவு ஏற்றக் கற்பான். அடுத்தாளாக உயர்ந்து, காலம் கனிந்தால் மூன்றாண்டுத் தவணையில் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ ஏஜெண்டாகக் கப்பலேறுவான். தவணை முடிந்து திரும்புகையில் ஐந்தொகையை முதலாளியின் முன் வைத்துக் காசுக்குக் காசு பதில் சொல்ல வேண்டும். இதைவிடக் கடுமையான தேர்வு எந்தப் பல்கலைக் கழகத்திலும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மார்வாடிகளின் பஹிக் கணக்கும் இத்தகையதே.

ஆயினும் இக்கல்வியில் ஓர் எல்லை இருந்தது. முதலாளியும் ஆளும் ஒப்புக்கொண்டால் கணக்கு சரி. முன்பின் அறியாத மூன்றாம் மனிதருக்கு அது சாட்சி சொல்ல வேண்டியதில்லை. கூட்டுப் பங்குக் கம்பெனிகள் தோன்றியதும் நிலைமை மாறியது. பங்குதாரர் பலர், அவர்களில் பெரும்பாலோர் ஆலையையோ அலுவலகத்தையோ கண்ணால் கண்டதில்லை. ‘இக்கணக்கு மெய்’ என்று அவர்களுக்கு உறுதி கூற, இருசாராரையும் சாராத ஒருவர் ஐந்தொகையின் அடியில் கையொப்பமிட வேண்டும். அவரே தணிக்கையாளர்.

அந்தக் கையொப்பத்துக்கு உரியவர் யார்? 1913ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், அரசாங்கச் சான்றிதழ் பெற்றவரே தணிக்கை செய்யலாம் என விதித்தது. பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற கணக்காளர் சங்கங்களின் உறுப்பினருக்கோ அந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை. அந்தத் தகுதியை நாடிய இந்தியர் கடல் கடந்து சென்று, பொருள் செலவிட்டுப் படித்து வர வேண்டியிருந்தது. வசதி படைத்த சிலருக்கே அது இயன்றது.

வணிகப் பள்ளிகள் அதற்கு முன்பே இல்லாமலில்லை. சென்னையில் பச்சையப்பன் அறநிலையப் பொறுப்பாளர்கள் 1886ஆம் ஆண்டிலேயே ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கியிருந்தனர். கணக்கெழுதல், தட்டெழுத்து, சுருக்கெழுத்து ஆகியவற்றில் சென்னை அரசாங்கத்தின் தொழில்நுட்பத் தேர்வுகள் நடந்தன. அச்சான்றிதழைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயிலேறிய இளைஞர்களால்தான் பம்பாய் மாதுங்கா போன்ற இடங்களில் தமிழ்க் குடியிருப்புகள் பெருகின. அந்தச் சான்றிதழை இழித்துப் பேசுவோர் உண்டு. அதனால் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கணக்கை எழுதியவர் ஒருவர்; அதன் அடியில் கையொப்பமிட்டவர் வேறொருவர்.

பம்பாயில் 1913ஆம் ஆண்டு தோன்றிய சிடன்ஹாம் வணிகக் கல்லூரி இந்த இடைவெளியை நிரப்ப வந்தது. பம்பாய் ஆளுநராயிருந்த சிடன்ஹாம் பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தொடக்கத்தில் கௌரவ முதல்வராகப் பொறுப்பேற்றவர் கே. எஸ். அய்யர். தென்னாட்டவரான அவர் 1897ஆம் ஆண்டு முதலே பம்பாயில் தம் பெயரால் கணக்காளர் நிறுவனம் நடத்தி வந்தார். இந்தியக் கணக்காளர் தொழிலின் முதுபெருந் தலைவர் என்று அவரைப் பிற்காலத்தார் போற்றுவர். அவருக்குப் பின் பெர்ஸி ஆன்ஸ்டி என்ற ஆங்கிலேயர் முதல்வரானார். 1918ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கம் கணக்கியலில் ஜி.டி.ஏ. என்னும் டிப்ளமாவை ஏற்படுத்தியது. தேர்வில் வென்று, தொழில் செய்யும் கணக்காளர் ஒருவரிடம் பயிற்சியும் பெற்றால், கப்பலேறாமலே தணிக்கையாளராக வழி பிறந்தது. பிற நகரங்களும் பின்தொடர்ந்தன. தில்லியில் லாலா ஸ்ரீராம் 1920ஆம் ஆண்டு தொடங்கிய வணிகப் பள்ளியே பிற்காலத்தில் ஸ்ரீராம் வணிகக் கல்லூரியாக வளர்ந்தது.

கல்லூரிக் கதவு திறந்துவிட்டதால் எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. சிடன்ஹாம் கல்லூரியில் 1918 நவம்பரில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தவர் டாக்டர் அம்பேத்கர். கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரம் பயின்று திரும்பியவர். அவருடைய விரிவுரைகளைக் கேட்கப் பிற கல்லூரி மாணவர்களும் வந்தார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அதே கல்லூரியில், பேராசிரியர்களுக்கென வைத்திருந்த பானையிலிருந்து அவர் தண்ணீர் அருந்தலாகாது என்று உடன் பணியாற்றியவர் ஆட்சேபித்தனர். நாணயத்தின் மதிப்பு எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று வகுப்பில் விளக்கியவருக்கு, ஓய்வறையில் நேர்ந்த மதிப்பு இது. 1920 மார்ச்சில் பதவி விலகி, சேமித்த பணத்துடன் லண்டன் சென்றார். ரூபாயின் பிரச்சினை பற்றிய அவருடைய ஆராய்ச்சி நூல் 1923ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்திய நாணய ஏற்பாட்டை ஆராய வந்த ஹில்டன் யங் குழுவின் முன் 1925ஆம் ஆண்டு அவர் சாட்சியம் அளித்தார்.

பெண்களுக்கோ அந்தக் கதவு மேலும் தாமதித்தே திறந்தது. சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் 1933ஆம் ஆண்டு ஜி.டி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றார். இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் அவரே. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர் அவர். தேர்ச்சி பெற்ற பின்னரும் அச்சிறைவாசமே தொழில் செய்யத் தடையாகக் குறுக்கிட்டது. அதை எதிர்த்து நின்று உரிமை பெற்று, 1937ஆம் ஆண்டு தனியாகத் தொழில் நடத்தத் தொடங்கினார்.

நாடு விடுதலை பெற்ற பின், கணக்காளருக்கான தனிச் சட்டம் இயற்றப்பட்டு 1949 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பயிற்சியும் தேர்வும் பதிவும் அரசாங்கத்தின் கையிலிருந்து கணக்காளர்களின் சொந்த நிறுவனத்துக்கு மாறின. அந்நிறுவனத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்கு 1955 முதல் 1958 வரை தலைமை வகித்தவர் சிவபோகம்.